மேற்கு வாசலில் ஆரம்பியுங்கள்: சென்ட்ரல் பார்க்கையும் மெட் மியூசியத்தையும் ஒரே நாளில் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

நியூ ஜெர்சியில் இருக்கும் நம் ஆட்கள், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் அழைத்துப் போவதற்கென்று ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். சுதந்திர தேவி சிலை, டைம்ஸ் ஸ்கொயர், எம்பயர் ஸ்டேட், ஒரு வார இறுதியில் நயாகரா. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியம், எல்லாரும் மெட் என்று சொல்வது, அந்த வரிசையில் கடைசியில்தான் வரும், பல வீடுகளில் வராமலே போய்விடும். சென்ட்ரல் பார்க் என்றால் தெற்கு முனையில் குதிரை வண்டி பக்கத்தில் ஒரு போட்டோ, அதோடு சரி.

இந்த இரண்டையும் ஒரே நாளில், ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. மெட் மியூசியம் பூங்காவுக்குப் பக்கத்தில் இல்லை, பூங்காவுக்கு உள்ளேயே இருக்கிறது. 1880-இல் திறந்த அதன் முதல் கட்டடத்தை வரைந்தவர்களில் ஒருவரான கால்வர்ட் வாக்ஸ், பூங்காவையே வடிவமைத்த இருவரில் ஒருவர். ஆனால் முக்கால்வாசிப் பேர் ஃபிஃப்த் அவென்யூவில் டாக்ஸியை விட்டு இறங்கி, பெரிய படிக்கட்டில் ஏறி உள்ளே போய், நாலு மணி நேரம் சுற்றி, கால் வலியோடு அதே வழியில் வெளியே வந்துவிடுகிறார்கள். முதல் தடவை அப்பா அம்மாவோடு போனபோது நாங்களும் அப்படித்தான் போனோம். எகிப்து மம்மிகளையும் ஐரோப்பிய ஓவியங்களையும் பார்த்து முடிப்பதற்குள் அம்மாவுக்கு முட்டி வலி வந்துவிட்டது, நம் ஊர்ச் சிலைகள் இருக்கும் அறைப் பக்கம் போகாமலே திரும்பிவிட்டோம். அந்த வருத்தத்தில் அடுத்த தடவை வழியை முழுக்க மாற்றினேன். அதற்கப்புறம் யார் வந்தாலும் இதே வழிதான்.

எந்த நாள், எவ்வளவு பணம்

புதன்கிழமை மியூசியம் விடுமுறை. இதை முதலில் மனதில் வையுங்கள், வேலைக்கு லீவு போட்டுப் போய்ப் பூட்டிய வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். வெள்ளியும் சனியும் காலை 10 முதல் இரவு 9 வரை, மற்ற நாட்களில் 10 முதல் 5 வரை. பெரியவர்களோடு போகிறீர்கள் என்றால் வெள்ளிக்கிழமைதான் என் தேர்வு, நடுவில் எத்தனை நேரம் உட்கார்ந்தாலும் நேரம் மிச்சமிருக்கும். நன்றி நவிலும் நாள், டிசம்பர் 25, ஜனவரி 1, மே மாதத்தின் முதல் திங்கள் ஆகிய நாட்களிலும் மூடியிருக்கும்.

டிக்கெட் பெரியவர்களுக்கு 30 டாலர், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 22, மாணவர்களுக்கு 17. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இலவசம். நியூயார்க் மாநிலத்தில் குடியிருப்பவர்கள் தங்களால் முடிந்ததைக் கொடுத்தால் போதும். அதே சலுகை நியூ ஜெர்சி, கனெக்டிகட் மாணவர்களுக்கும் உண்டு, அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். வேலை பார்க்கும் நியூ ஜெர்சிக்காரர்களுக்குக் கிடையாது. விலையும் நேரமும் மாறக்கூடியவை, கிளம்புவதற்கு முந்தின நாள் அவர்களுடைய இணையதளத்தில் ஒரு தடவை பார்த்து அங்கேயே வாங்கிவிட்டால் வரிசையில் நிற்க வேண்டாம். பெட்டி மாதிரிப் பெரிய சாமான்களை உள்ளே விடமாட்டார்கள். முதுகுப் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள் அல்லது காப்பறையில் கொடுக்கச் சொல்வார்கள், அதற்குக் காசு இல்லை.

செருப்பு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். ஊரிலிருந்து வந்தவர்கள் பட்டுப்புடவைக்குப் பொருத்தமான செருப்பைத்தான் போடுவேன் என்பார்கள். இந்த வழியில் பூங்காவுக்குள் போக வர இரண்டரை மைல், உள்ளே கணக்கில்லாத நடை. மெத்தென்ற ஷூ இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

ரயில் ஏறுவது

எடிசன், மெட்ரோபார்க், மெட்டச்சன் எங்கிருந்து வந்தாலும் நியூ ஜெர்சி டிரான்சிட்டின் வடகிழக்கு வழித்தட ரயிலில் நியூயார்க் பென் ஸ்டேஷன், முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். அங்கே எய்த் அவென்யூ பக்கம் இருக்கும் சப்வேக்குப் போய், வடக்கே போகும் 'சி' ரயிலைப் பிடித்து 81-ஆம் தெருவில் இறங்குங்கள். சப்வேயில் வங்கி அட்டையையோ போனையோ வாசலில் தட்டினால் கதவு திறக்கும். 81-ஆம் தெரு நிலையத்துக்கு நேர் மேலே இயற்கை வரலாற்று மியூசியம் இருக்கிறது, டைனோசர் எலும்புக்கூடு பார்க்கணும் என்று குழந்தைகள் இழுப்பார்கள். அது இன்னொரு நாள் வேலை, இன்றைக்கு வேண்டாம்.

படி ஏற முடியாதவர்கள் இருந்தால் பென் ஸ்டேஷனிலிருந்தே டாக்ஸி வைத்துக்கொள்ளுங்கள். படி ஏறலாம், ஆனால் பூங்காவைக் குறுக்கே நடந்து கடக்க முடியாது என்றால் 81-ஆம் தெருவிலிருந்து எம் 79 பஸ் பூங்காவுக்கு நடுவே பள்ளத்தில் போகும் சாலை வழியாக அந்தப் பக்கம் கொண்டுபோய் விடும்.

வேட்டைக்காரர் வாசல்

நிலையத்தை விட்டு மேலே வந்தால் சாலைக்கு எதிரில் இடுப்பளவு கல் சுவர், அதில் ஒரு திறப்பு. சென்ட்ரல் பார்க் வாசல்களுக்குப் பெயர்கள் உண்டு, சுவரிலேயே செதுக்கியிருப்பார்கள், பெரும்பாலும் தொழில் செய்பவர்களின் பெயர்கள். இது வேட்டைக்காரர் வாசல். கிழக்குப் பக்கம் 79-ஆம் தெருவில் இருப்பது சுரங்கத் தொழிலாளர் வாசல். அரசர் பெயரும் பணக்காரர் பெயரும் இல்லாமல் இப்படிப் பெயர் வைத்தது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

உள்ளே நுழைந்ததும் அப்பா கேட்டது இதுதான்: "நகரத்துக்கு நடுவுல இவ்வளவு பெரிய காட்டை எப்படி விட்டு வச்சாங்க?" யாரும் விட்டு வைக்கவில்லை, இது முழுக்க மனிதர்கள் செய்தது. 843 ஏக்கர், நீளம் நாலு கிலோமீட்டர், அகலம் முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சதுப்பும் பாறையுமாகக் கிடந்த இடம். 1858-இல் நடந்த போட்டியில் ஃபிரெடெரிக் ஓல்ம்ஸ்டெட்டும் கால்வர்ட் வாக்ஸும் கொடுத்த வரைபடம் ஜெயித்தது. ஏரிகள் வெட்டியவை, மண் கொண்டுவந்து கொட்டியது, மரங்கள் நட்டவை. இயற்கையாக இருப்பது அந்தக் கறுத்த பாறைகள் மட்டும், மைகா மினுமினுக்கும், மேலே பனிப்பாறைகள் நகர்ந்தபோது கீறிய நீளக் கோடுகள் தெரியும். தடவிப் பாருங்கள். அந்த வரைபடத்தின் பெரிய கெட்டிக்காரத்தனம், குறுக்கே போகும் நாலு சாலைகளையும் தரைக்குக் கீழே பள்ளத்தில் இறக்கியது. நீங்கள் மேலே புல்லுக்கு நடுவே நடந்துகொண்டிருப்பீர்கள், கீழே பஸ் போகும், கண்ணில் படாது. பூங்காவின் உள்சாலைகளில் 2018 முதல் தனியார் கார்களுக்கும் அனுமதி இல்லை.

சொல்லாமல் விடக்கூடாத ஒன்றும் இருக்கிறது. நீங்கள் நுழைந்த வாசலுக்குக் கொஞ்சம் வடக்கே, 82-க்கும் 89-க்கும் இடைப்பட்ட இடத்தில், செனெகா வில்லேஜ் என்று ஒரு ஊர் இருந்தது. 1825-இல் தொடங்கிய குடியிருப்பு, சுமார் 225 பேர், பெரும்பாலும் கறுப்பினத்தவர், அவர்களில் பலர் சொந்த நிலம் வைத்திருந்தவர்கள். மூன்று தேவாலயங்கள், ஒரு பள்ளிக்கூடம். பூங்காவுக்காக நகரம் அந்த நிலத்தை எடுத்து 1857-இல் எல்லாரையும் வெளியேற்றியது. இப்போது தகவல் பலகைகள் வைத்திருக்கிறார்கள். அணைக்காகவும் ஆலைக்காகவும் ஊரையே காலி செய்த கதைகள் நமக்குத் தெரிந்தவைதானே, பத்து நிமிடம் ஒதுக்கி அவற்றைப் படித்துவிட்டுப் போங்கள்.

அங்கிருந்து கிழக்கே நடக்க வேண்டும். வலது பக்கம் பாறை மேல் சின்னக் கோட்டை மாதிரி ஒன்று தெரியும், பெல்வெடெர், 1869-இல் வாக்ஸும் ஜேகப் ரே மோல்ட் என்ற கட்டடக் கலைஞரும் கட்டியது. மோல்ட் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் மறுபடி வருவார். கோட்டைக்குக் கீழே ஆமைக்குளம். வெயில் நாளில் ஆமைகள் கல்லில் வரிசையாக ஏறி உட்கார்ந்திருக்கும், அம்மா அங்கிருந்து நகர அரை மணி ஆனது. இடது பக்கம் பெரிய புல்வெளி, 1930-கள் வரை அது நகரத்துக்குக் குடிநீர் கொடுத்த நீர்த்தேக்கம், அதைத் தூர்த்துத்தான் புல்வெளி ஆக்கினார்கள்.

ஒபெலிஸ்க்கை விட்டுவிடாதீர்கள்

புல்வெளியைத் தாண்டி ஒரு மேட்டில் ஒற்றைக் கல் தூண். ஃபிஃப்த் அவென்யூ வழியாகப் போகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது, மியூசியத்தின் முதுகுப்பக்கம் நிற்கிறது. கிளியோபாட்ரா ஊசி என்று பெயர், ஆனால் கிளியோபாட்ராவுக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. சுமார் 3,450 வருடத்துக்கு முன்னால் மூன்றாம் துட்மோஸ் என்ற மன்னன் எகிப்தில் நிறுத்தியது. கிட்டத்தட்ட 70 அடி உயரம், 200 டன்னுக்கு மேல் எடை. தஞ்சைப் பெரிய கோயிலைவிட ஏறக்குறைய 2,450 வருடம் மூத்த கல், வேலியைச் சுற்றி நாய்கள் நடைபழகுகின்றன. எகிப்து அரசு கொடுத்ததைக் கப்பலில் கொண்டுவந்து, ஹட்சன் ஆற்றங்கரையிலிருந்து இந்த மேடு வரை நகர்த்த மட்டும் 112 நாள் ஆகி, 1881 ஜனவரியில் நிமிர்த்தினார்கள். இதன் ஜோடி லண்டனில் தேம்ஸ் கரையில் இருக்கிறது.

அடிப்பீடத்தின் நாலு மூலையிலும் வெண்கல நண்டுகள் தெரியும். உடைந்த மூலைகளைத் தாங்க ரோமானியர்கள் வைத்த நண்டுகளின் நகல்கள் அவை. தப்பிப் பிழைத்த பழைய நண்டுகள் எதிரில் இருக்கும் மியூசியத்துக்குப் போய்விட்டன. ஒரே சிற்பத்தின் கல் வெளியே பூங்காவில், நண்டு உள்ளே கண்ணாடிக்குள்.

இப்போது மியூசியத்தின் தெற்குச் சுவரை ஒட்டிப் போகும் பாதையில் நடந்தால் ஃபிஃப்த் அவென்யூவுக்கு வந்துவிடுவீர்கள். 81-ஆம் தெருவுக்கு நேராகத் தரைமட்டத்தில் ஒரு வாசல் இருக்கிறது, படி இல்லை, முட்டி வலிக்காரர்களை அந்த வழியாகக் கூட்டிப் போங்கள். சக்கர நாற்காலி வேண்டுமானால் காப்பறையில் கேளுங்கள், இலவசம், முதலில் வருபவருக்கு முதலில். ஆனால் யாராவது ஒருவர் பெரிய படிக்கட்டு வரை போய் முகப்பை அண்ணாந்து பாருங்கள். இரட்டைத் தூண்களுக்கு மேலே செதுக்காத கல் கட்டிகள் குவியலாக நிற்கும். அங்கே சிலைகள் வரவேண்டியது. 1902-இல் முகப்பு திறந்தபோது அந்த வேலை முடியவில்லை, இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. நம் ஊரில் மொட்டைக் கோபுரம் பார்த்தவர்களுக்கு உடனே புரியும்.

உள்ளே போனதும் மேலே ஏறுங்கள்

கிட்டத்தட்ட 15 லட்சம் பொருட்கள் இருக்கும் இடம் இது. எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்ற எண்ணத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். பெரிய கூடத்தில் நின்றால் வலது பக்கம் எகிப்து, இடது பக்கம் கிரேக்கமும் ரோமும், நேரே மாடிப்படி. கூட்டம் வலது பக்கம் திரும்பும். நீங்கள் மாடிக்குப் போங்கள், லிஃப்டும் உண்டு. இரண்டாம் தளத்தில், கீழே கூடம் தெரியும் அந்தப் பால்கனியைச் சுற்றி வடக்குப் பக்கம் போனால் ஆசியப் பகுதி. அங்கே நிற்கும் காவலரிடம் தெற்காசிய அறைகள் எங்கே என்று கேளுங்கள், அறைகளுக்கெல்லாம் எண் உண்டு, நமக்கு வேண்டியவை 240-ஐ ஒட்டியவை. கால் புதிதாக இருக்கும்போது, மனம் களைப்பதற்கு முன்னால், சோழர் செப்புத் திருமேனிகளைப் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வரிசை.

முதலில் பார்வதி. பத்தாம் நூற்றாண்டின் முதல் கால்பகுதி என்று குறித்திருக்கிறார்கள், பராந்தக சோழன் காலத்தை ஒட்டியது. உயரம் சுமார் 70 சென்டிமீட்டர்தான். உடம்பு மூன்று இடத்தில் வளைந்து நிற்கும். வலது கை பூவைப் பிடிப்பதற்காக விரல் மடங்கிக் காலியாக இருக்கும், இடது கை யானைத் துதிக்கை மாதிரி இடுப்போரம் தொங்கும். சுற்றி வந்து பின்பக்கம் பாருங்கள், பின்னல், முதுகு, அரைக்கச்சை ஒன்றையும் விடவில்லை ஸ்தபதி. கோயிலில் இந்த முதுகை யாரும் பார்த்திருக்க முடியாது. முன்பக்கமும் பட்டு, மாலை, நகை எல்லாம் சாத்தி முகம் மட்டும்தான் தெரியும். குருக்களும் ஸ்தபதியும் மட்டும் பார்க்கக்கூடிய வேலைக்கு இத்தனை அக்கறை. அம்மா ரொம்ப நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அலங்காரம் பண்ணாம பாக்கக் கூடாதோ என்னவோ" என்றாள். சரி என்றும் தப்பு என்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்பா பீடத்தைத்தான் பார்த்தார். எல்லா உற்சவர் சிலைகளுக்கும் பீடத்தில் துளையோ வளையமோ இருக்கும், தண்டு கோத்துக் கட்டிப் புறப்பாட்டுக்குத் தூக்க. அப்பா இளவயதில் எங்கள் ஊர்ப் பெருமாளுக்குத் தோள் கொடுத்தவர், எந்தத் துளையில் எந்தக் கயிறு, தெருமுனையில் திரும்பும்போது யார் முதலில் குனிய வேண்டும் என்று என் பையனுக்கு அங்கேயே நின்று சொல்லிக் கொடுத்தார். பக்கத்தில் இருந்த அமெரிக்கத் தம்பதி என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார்கள், நான் மொழிபெயர்த்தேன், அந்த மூலையில் பத்து நிமிடத்துக்கு ஒரு சின்ன வகுப்பே நடந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதையெல்லாம் கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்திருப்பது பெயர்ப்பலகையில் இருக்காது.

நடராஜர் பதினோராம் நூற்றாண்டு, சுமார் 68 சென்டிமீட்டர், திருவாசியோடு. குழந்தைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: உடுக்கை எந்தக் கையில், தீ எந்தக் கையில், முயலகன் எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் அனுமார், குரங்கு முகம், ஆள் உடம்பு, லேசாக முன்னால் சாய்ந்து யாரிடமோ பேசுகிற மாதிரி நிற்பார். எதிரில் ராமர் இல்லை, ஆனால் அந்தச் சாய்விலேயே ராமர் தெரிவார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த யசோதை, மடியில் கிருஷ்ணனுக்குப் பால் கொடுத்தபடி இருப்பவள், இந்த உருவம் வெண்கலத்தில் மிக அபூர்வம். எனக்கு நெருக்கமானது இவர்கள் எல்லாரையும்விடச் சின்னதாக, ஒரு ஜாண் உயரத்தில் இருக்கும் காரைக்கால் அம்மையார். வற்றிய உடம்பு, எலும்பு தெரியும் மார்பு, கையில் தாளம், முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். காளி என்றும் சொல்லலாம் என்று மியூசியம் எழுதியிருக்கிறது. திருவாலங்காட்டுக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது யார் என்பதில் சந்தேகம் வராது.

பெயர்ப்பலகையில் 'செம்புக் கலவை' என்று எழுதியிருக்கும், நாம் ஐம்பொன் என்போம். செய்முறையைக் கூட வருபவர்களுக்கு நாலு வரியில் சொல்லலாம்: முழு உருவத்தையும் தேன்மெழுகில் செய்வார்கள், மேலே வண்டல் மண் பூசிக் காயவைப்பார்கள், சூடாக்கி மெழுகை வடிப்பார்கள், அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி ஆறவிட்டு மண்ணை உடைப்பார்கள். அச்சு உடைந்துவிடுவதால் ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். சுவாமிமலையில் இன்றைக்கும் இதே முறைதான்.

இங்கே நிற்கும்போது மனதில் வரும் கேள்வியை நான் ஒதுக்கப் போவதில்லை: இவர்கள் எப்படி இங்கே வந்தார்கள்? பெயர்ப்பலகையின் கடைசி வரியில் ஒரு எண் இருக்கும், அதன் முதல் பகுதி மியூசியத்துக்கு வந்த வருடம். பார்வதி 57 என்று தொடங்கும், அதாவது 1957. நடராஜர் 1987. இந்தியாவில் பழம்பொருள் ஏற்றுமதிக் கட்டுப்பாடு 1947-லேயே சட்டமானது, இன்னும் கடுமையான சட்டம் 1972-இல் வந்தது. ஒவ்வொரு பொருளும் யார் யார் கை மாறி வந்தது என்று அவர்களுக்குத் தெரிந்த வரை இணையதளத்தில் போட்டிருக்கிறார்கள், எண்ணைத் தட்டிப் படிக்கலாம். 2023-இல் இந்த மியூசியம் 15 சிற்பங்களை இந்தியாவுக்குத் திருப்பித் தருவதாக அறிவித்தது. அவை எல்லாம் ஒரு காலத்தில் ஒரே நியூயார்க் வியாபாரி கைவழி விற்கப்பட்டவை, அந்த வியாபாரிக்குச் சிலைத் திருட்டு வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் பத்து வருடச் சிறைத் தண்டனை கொடுத்தது. அந்த அறையில் சந்தோஷம், வலி இரண்டும் எனக்கு வருகிறது, குழந்தைகளிடம் இரண்டையும் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முன் பக்கத்தில் குஜராத்தின் பாட்டன் ஊர்ச் சமணக் கூடத்தின் மர விதானம், பதினாறாம் நூற்றாண்டு வேலை. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் வரை பார்க்கலாம்.

சாப்பாடு

மணி பன்னிரண்டரை ஆகியிருக்கும். வெளியே வாருங்கள், டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருந்தால் அன்றே திரும்ப உள்ளே போகலாம். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு வந்திருந்தால் மியூசியத்தின் பின்பக்கம் மரத்தடி பெஞ்சுகள் காத்திருக்கின்றன. காட்சி அறைகளுக்குள் சாப்பாடு கூடாது. உள்ளே கேண்டீன் இருக்கிறது, விலை அதிகம், நமக்குப் பிடித்தது குறைவு. பூங்காவில் தெருவோர வண்டிகளில் வாங்குவதாக இருந்தால் விலையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஒரு தடவை தண்ணீர் பாட்டிலுக்கு எங்களிடம் ஒருவர் கேட்ட விலை, கடை விலையைப் போல மூன்று மடங்கு.

மத்தியானம்: மூன்றே இடம்

திரும்ப உள்ளே வந்ததும் எகிப்து. முதல் அறையிலேயே பெர்னெப் என்ற அதிகாரியின் கல்லறையை அப்படியே பெயர்த்து வைத்திருக்கிறார்கள், உள்ளே நுழைந்து பார்க்கலாம். நடக்க நடக்க ஒரு நீல நிற நீர்யானைப் பொம்மை கண்ணாடிக்குள் வரும், கை அளவுதான், கிட்டத்தட்ட நாலாயிரம் வருடப் பழசு, உடம்பெல்லாம் தாமரை வரைந்திருக்கும். கடைசியில் டெண்டூர் கோயில். நைல் கரையில், சுமார் கி.மு. 15-இல், ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் கட்டியது. அஸ்வானில் பெரிய அணை கட்டியபோது மூழ்க இருந்ததைக் கல் கல்லாகப் பிரித்து, உதவிய நாடுகளுக்கு நன்றியாக எகிப்து கொடுத்ததில் இது அமெரிக்காவுக்கு வந்தது. 661 பெட்டிகளில் கப்பலேறி, 1978-இல் இந்தக் கூடத்தில் திறந்தார்கள். முன்னால் நைலுக்குப் பதிலாக ஒரு நீர்த்தொட்டி, பக்கத்தில் தரையிலிருந்து உச்சி வரை சாய்ந்த கண்ணாடிச் சுவர். கண்ணாடிக்கு வெளியே பூங்கா. அதன் மரங்கள் எல்லாம் அதில் தெரியும். நீர்த்தொட்டித் திட்டில் உட்காருங்கள், அவசரம் வேண்டாம், இந்த மியூசியத்திலேயே உட்கார இதைவிட நல்ல இடம் கிடையாது.

அதற்கு அடுத்தது அமெரிக்கப் பகுதியின் முற்றம், அதுவும் பூங்காவைப் பார்த்த கண்ணாடிக் கூடம். ஓவியம் பிடித்தவர்கள் இருந்தால் அங்கிருந்து மாடியில் ஐரோப்பிய ஓவியங்களுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். வான்கோவின் வைக்கோல் தொப்பி சுய உருவப்படம், சைப்ரஸ் மரங்களோடு கோதுமை வயல், வெர்மீரின் ஐந்து படங்கள், ரெம்ப்ராண்டின் அரிஸ்டாட்டில். ஒவ்வொரு அறையிலும் ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து அதன் முன்னால் மட்டும் நில்லுங்கள்.

மூன்றாவது இடம் யாரும் சொல்லித்தராதது. கீழ்த்தளத்தில் மேற்குக் கோடியில் லேமன் பகுதி என்று கேளுங்கள். அங்கே போகும் வழியில் ஒரு பழைய சுவர் வெளிப்படும், செங்கல்லும் சாம்பல் கல்லும் கலந்த கூர்வளைவுகள். அதுதான் 1880-இல் வாக்ஸும் மோல்ட்டும் கட்டிய முதல் மியூசியத்தின் வெளிச்சுவர், பூங்காவைப் பார்த்து நின்றது. பின்னால் வந்தவர்கள் சுற்றிச் சுற்றிக் கட்டியதில் அது உள்ளே மாட்டிக்கொண்டது. ஒரு கோயில் பிரகாரத்துக்குள் பழைய கோயில் இருப்பது மாதிரி.

தெற்கே நடந்து திரும்புவது

நாலு மணிக்கு மேல் கிளம்பினால் வெளிச்சம் மஞ்சளாக இருக்கும், பூங்காவுக்கு நல்ல நேரம். சின்னக் குழந்தைகள் உள்ளே பொறுமை இழந்திருந்தால் முதலில் வடக்கே 85-ஆம் தெருவுக்குப் போங்கள், மியூசியத்தின் எகிப்துப் பகுதியைப் பார்த்து உருவாக்கிய விளையாட்டுத் திடல் இருக்கிறது, ஏறிச் சறுக்கப் பிரமிடுகள் உண்டு. இல்லையென்றால் நேராகத் தெற்கே. 75-ஆம் தெருப் பக்கம் பொம்மைப் பாய்மரப் படகுகள் ஓடும் ஓவல் குளம், வடக்குக் கரையில் குழந்தைகள் ஏறி ஏறிப் பளபளப்பாக்கிய வெண்கலச் சிலை ஒன்று. கழிவறையும் இங்கே இருக்கிறது, பூங்காவில் அது அடிக்கடி கிடைக்காது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து பெத்தெஸ்டா. கீழே நீரூற்றுக்கு நடுவே தேவதைச் சிலை, எம்மா ஸ்டெபின்ஸ் என்ற பெண் சிற்பி செய்து 1873-இல் நிறுவியது, நகரத்துக்கு 1842-இல் சுத்தமான குடிநீர் வந்ததைக் கொண்டாடுவதற்காக. நீரூற்றுக்கு இறங்கும் படிக்கட்டின் பக்கச் சுவர்களை மெதுவாகப் பாருங்கள். பறவைகள், பழங்கள், இலைகள், ஒரு பக்கம் சேவலோடு சூரியன் உதிப்பது, இன்னொரு பக்கம் இரவு, எல்லாம் மோல்ட்டின் வரைபடத்தில் செதுக்கியவை. படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் மண்டபத்துக் கூரை முழுக்க வண்ண ஓடுகள். யாராவது பாடிக்கொண்டோ வயலின் வாசித்துக்கொண்டோ இருப்பார்கள், அந்த மண்டபத்தில் எதிரொலி அவ்வளவு நன்றாக இருக்கும்.

அதற்கப்புறம் எல்ம் மரங்கள் இரண்டு பக்கமும் கூரை போடும் நீள நடைபாதை, முடிவில் தென்மேற்காகத் திரும்பினால் 59-ஆம் தெரு கொலம்பஸ் சர்க்கிள். அங்கே 'ஏ' அல்லது 'சி' ரயில், பென் ஸ்டேஷன், வீடு. வழியில் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள் கூப்பிடுவார்கள். கட்டணம் நிமிடக் கணக்கு, பலகையில் எழுதியிருக்கும், ஏறுவதற்கு முன் மொத்தம் எவ்வளவு என்று பேசிக்கொள்ளாமல் ஏறாதீர்கள்.

யாராவது பிரிந்து போய்விட்டால், அல்லது போனில் சார்ஜ் போய்விட்டால், விளக்குக் கம்பத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு எண் தகடு உண்டு. முதல் இரண்டு இலக்கம் பக்கத்துத் தெரு எண், கடைசி இலக்கம் இரட்டைப்படை என்றால் கிழக்குப் பக்கம், ஒற்றைப்படை என்றால் மேற்குப் பக்கம். 7804 என்றிருந்தால் 78-ஆம் தெருவுக்கு நேராக, கிழக்கே. (நூறைத் தாண்டிய தெருக்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும், ஆனால் இந்த வழியில் அவ்வளவு வடக்கே போகமாட்டீர்கள்.) அம்மாவுக்கு இதைக் காலையிலேயே சொல்லிக் கொடுத்தேன், நாள் முழுக்கக் கம்பம் கம்பமாகப் படித்துக்கொண்டே வந்தாள்.

பருவம் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரலில் செர்ரி பூக்கும், அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடு வரை இலைகள் நிறம் மாறும், இரண்டும் அருமை. ஜூலை ஆகஸ்டில் நம் ஊர் வெயில்தான், அப்போது மியூசியத்துக்கு மத்தியானத்தையும் பூங்காவுக்கு விடியற்காலையையும் கொடுங்கள், பூங்கா காலை 6 மணிக்கே திறந்துவிடும். குளிர்காலத்தில் பெரியவர்களைப் பூங்காவில் நடக்க வைக்க வேண்டாம், எம் 79 பஸ்ஸில் குறுக்கே போய், டெண்டூர் கூடத்தில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பனியைப் பார்க்கலாம்.

எல்ம் மரப் பாதையில் பெஞ்சுகளில் உட்காரும்போது முதுகுப்பலகையில் சின்ன உலோகத் தகடு இருக்கிறதா பாருங்கள். பூங்காவுக்கு நன்கொடை கொடுத்தவர்கள் இறந்துபோன அம்மாவுக்கு, கல்யாண நாளுக்கு, நாய்க்குட்டிக்கு என்று எழுதி வைத்தவை. கடைசித் தடவை அப்பா ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லி அர்த்தம் கேட்டுக்கொண்டே வந்ததில் நாங்கள் ஆறே காலுக்குப் பிடிக்க வேண்டிய ரயிலை விட்டுவிட்டோம், அடுத்த ரயிலில் உட்கார இடம் கிடைத்தது.